முச்சந்திப் பூசணி

ஒரு காலத்தில் ஒரு தலைநகரத்து வீதி வழியாகப் படை ஒன்று போருக்குப் புறப்பட்டது. படைக்குத் தோலும் துணியும் விற்றே மாளிகை கட்டியவர் அம்பலவாணர். முச்சந்தியில் இருந்த அவர் வாசலில் ஒரு கூடை காத்திருந்தது. கூடையில் ஒரு வெண்பூசணியும் ஓர் எலுமிச்சையும் இருந்தன.

பூசணி ஆற்றங்கரைக் குடிசை ஒன்றின் கூரையில் காய்த்தது. அதன் கொடியைக் கையால் தூக்கிக் கூரையில் படரவிட்டவன் மாசாணம். அவன் இன்று சிப்பாய். படைக்குத் திருஷ்டி கழிக்கப்போகிறார்கள் என்று தண்டோரா போட்டதும் அவன் மனைவி காத்தாயி தானே காயைப் பறித்துவந்து கொடுத்தாள். புருஷன் தலைக்கு வரும் கேடெல்லாம் இதோடு உடையட்டும் என்று அதைத் தடவிக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"நான் சிதறினால் அவன் முழுசாகத் திரும்புவான்" என்றது பூசணி.

எலுமிச்சைக்குச் சிரிப்பு வந்தது. அது பீரங்கி வண்டிச் சக்கரத்தில் நசுங்கப் போவது. "உடைத்தவர்கள் கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார்கள். அதுதான் முறை. உனக்கு எதற்கு இந்தப் பெருமை?"

"மாசாணம் பார்ப்பான்" என்றது பூசணி.

முரசுச் சத்தம் நெருங்கியது. வேலையாள் பரசு பூசணியின் தலையைத் துளைத்துக் குங்குமத்தைக் கொட்டினான். மேலே சூடம் ஏற்றினான். வலித்தது, பொறுத்துக்கொண்டது.

முன்வரிசையில் வந்த மாசாணத்தின் கண் அதன்மேல் விழுந்தது. "அண்ணே, அது எங்க கூரைக் காயில்ல?"

"உன் காய்தான். உனக்காகத்தான் உடைக்கிறோம்" என்றான் பரசு.

"கூட்டு வைக்கச் சொல்லிட்டு வந்தேன். எனக்கே சுத்த வச்சுட்டாளே." பக்கத்துச் சிப்பாய்கள் சிரித்தார்கள்.

பூசணி பூரித்தது. பரசு அதைத் தூக்கினான். தூக்கியவன் படைக்கு முதுகைக் காட்டித் திரும்பினான்.

மாளிகைப் படியில் அம்பலவாணர் நின்றார். அருகே பட்டு வேட்டியில் அவர் மகன், மாசாணத்தின் வயதுதான். போர் முடியும்வரை இந்த வீட்டை ஒரு கண்ணும் தீண்டக் கூடாது என்று சொல்லி, பரசு பூசணியை அவர்களுக்குச் சுற்றினான்.

"இங்கே இல்லை, அங்கே!" என்று பூசணி கதறியது. அதன் வாய் நிறையக் குங்குமம்.

சுற்றி முடித்துத் தலைக்குமேல் ஓங்கியபோதுதான் அதற்கு வீதி முழுவதும் தெரிந்தது. சிப்பாய்களின் நெற்றியெல்லாம் குங்குமம். கழுத்தெல்லாம் மாலை. வரிசைக்கு வரிசை சூடத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. தனக்கு என்னென்ன செய்தார்களோ, ஒன்று குறையாமல் அவர்களுக்கும் செய்திருந்தார்கள்.

மறுகணம் பூசணி தரையில் சிதறியது.

ஒரு துண்டு மாசாணத்தின் செருப்பில் ஒட்டிக்கொண்டது. போகாதே என்று சொல்ல அதற்கு வேறு வழி தெரியவில்லை. அவன் வழுக்கினான், பக்கத்தில் வந்தவன் பிடித்துக்கொண்டான்.

"எங்க வீட்டுக் காய்டா, காலை விடமாட்டேங்குது" என்று சிரித்து, செருப்பைத் தரையில் தேய்த்துவிட்டு நடந்தான். பின்னால் பீரங்கி வண்டி ஏறியதில், சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சையும் போயிற்று.

வாசலில் பரசு தயங்கி நின்றான். "ஐயா, படை இன்னும் போய் முடியலீங்க. பின்வரிசையெல்லாம் உங்களைப் பாத்துக் கும்புடுறாங்க."

செம்புத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்த அம்பலவாணர் நிமிரவில்லை.

"சுத்தியாச்சு, அனுப்பியாச்சு. இனிமே திரும்பிப் பாக்கக் கூடாதுடா. உள்ள வா."