பாய் பாஷை

காமெடி சீரியல் டைரக்டர் கிரிதரனுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். பிரியாணிக்கடை பாயாக நடிக்க வந்த மேலப்பாளையம் மசூதுக்கு அவரே பச்சை பெல்ட் மாட்டி, கண்ணுக்கு மையும் தீட்டினார்.

“வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டுப் போங்க” என்றான் மசூது.

“எந்த பாய்டா இப்படிப் பேசுவான்? ‘நம்பள் கடைக்கு நிம்பள் வர்றான்’னு சொல்லு. இல்லேன்னா வேஷத்தைக் கழட்டிட்டு நடையைக் கட்டு.”

மசூது பவ்யமாகக் கைகட்டினான். “தப்புதான் சார். எங்க உம்மாவும் வாப்பாவும் அப்படியே பேசிப் பழகிட்டாங்க. எங்க ஊர்ல ஒருத்தருக்கும் பாய் பாஷை தெரியாது. பஸ் பிடிச்சு எல்லாரையும் கூட்டிட்டு வாரேன், நீங்களே சொல்லிக் குடுத்துருங்க.”

கேமராமேன் முதல் லைட்மேன் வரை விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிரிதரன் மானிட்டர் பக்கம் திரும்பி, “டேக் போலாம்” என்றார். ‘அண்ணாச்சி’ அப்படியே படமானது. அந்தக் காமெடி சீரியல் செட்டில் ஆட்கள் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.