பழுப்பு ஏறாத ஸ்லைடு

"பார்க்காமலே பார்த்ததாக எழுதியிருக்கிறார் ஒருத்தர்" என்றார் டாக்டர் ஜெஸிந்தா. பெயரைச் சொல்லவில்லை.

அறையில் இருந்ததோ இரண்டே பேர். கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடம் ஊர் ஊராக வைத்தியம் பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் திசுப் பரிசோதனை படிக்க வந்தவர். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர்.

"எந்த ரிப்போர்ட் மேடம்?"

"மினிபஸ் டிரைவர் இசக்கியப்பனோடது."

நன்றாக நினைவிருந்தது. பெருங்குடலில் புற்று. குடல் அடைத்துக்கொண்டு வந்தார், வெட்டி எடுத்தாயிற்று. செல்லுக்குள் பழுதுபார்க்கும் புரதம் இருந்தால் சாயம் பழுப்பாக ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. அவர் இருந்த கட்டத்தில், புற்றில் அந்தப் புரதம் இல்லாதவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு. கீமோ மருந்து ஏற்றாமலே விட்டுவிடலாம். அவருடைய திசு வைத்த கண்ணாடி ஸ்லைடில் துளிப் பழுப்பு இல்லை. 'புரதம் இல்லை' என்று கோமதிநாயகம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை நம்பி டிரைவரும் சந்தோஷமாக ஊருக்குப் போய்விட்டார்.

"இல்லாததை இல்லைன்னு எழுதினேன். அதுல என்ன தப்பு? ஒரு பொட்டுப் பழுப்பைக் காட்டுங்க, படிப்பையே விட்டுட்டுப் போறேன்!"

ஜெஸிந்தா எழுந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, பெயர் கூப்பிடும் மைக்கை இழுத்துக்கொண்டார். வெளியே கூடத்தில் முப்பது பேர் காத்திருந்தார்கள்.

"பிச்சம்மாள்! வந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கோங்க."

மூன்று தடவை கூப்பிட்டார். யாரும் வரவில்லை.

"பிச்சம்மாள் இருக்காங்களா சார்?"

"இல்லை. இருந்தா எழுந்திரிச்சு வரமாட்டாங்களா?"

"மத்தவங்க?"

"அவங்க ஏன் வரணும்?"

"வரவேண்டாம். திரும்பியாவது பாத்தாங்களா?"

கோமதிநாயகம் கூடத்தைப் பார்த்தார். ஒரு தலை நிமிரவில்லை. ஒருத்தி பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மைக்கின் ஒயர் சொருகாமல் தரையில் கிடந்தது.

"இது குசும்பு மேடம்."

"ஆமா. இப்ப ஸ்லைடைப் பாருங்க. புற்றை விடுங்க. பக்கத்துல நல்ல செல் இருக்கே, அதைப் பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நோயில்லாத செல்லில் அந்தப் புரதம் இருந்தே தீரும். பழுப்பு ஏறியே ஆகவேண்டும். ஏறவில்லை. லென்ஸை மாற்றினார். ஸ்லைடை நகர்த்தினார். எங்கே பார்த்தாலும் வெறும் நீலம். அன்றைக்குச் சாயமே பிடிக்கவில்லை.

நிமிர்ந்தபோது நெற்றி வேர்த்திருந்தது. ஆனாலும் பேரம் பேசாமல் விட அவரால் முடியவில்லை.

"ரெண்டு நாள் கொடுங்க மேடம். மறுபடி சாயம் ஏத்திப் பாக்கறேன். நிஜமாவே இல்லைன்னு வந்துட்டா? மனுஷனை எதுக்கு வீணா பயமுறுத்தணும்?"

"ஆபரேஷன் முடிஞ்சு ஏழு வாரம் ஆச்சு. மருந்து ஏத்தறதா இருந்தா எட்டுக்குள்ள ஆரம்பிக்கணும்."

"அப்ப ஆபரேஷன் செஞ்ச டாக்டரை விட்டுச் சொல்லிடலாமே. அவர் சொன்னா இதமா இருக்கும்."

"உங்களுக்கா, இசக்கியப்பனுக்கா?"

 

ஜெஸிந்தா மேசையிலிருந்த போனைக் கோமதிநாயகம் பக்கம் தள்ளினார்.

"சாயம் நான் ஏத்திக்கிறேன். கையெழுத்துப் போட்டவர் இப்பவே டிரைவரைக் கூப்பிடட்டும். சோதனை நடக்கவே இல்லைன்னு தன் வாயால சொல்லட்டும்."