முதலில் தண்ணீர், பிறகு கேள்வி

முன்னே ஒரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் நடுவே ஓர் ஆறு ஓடியது. அந்த நாட்டின் பழைய ராஜா கண்ணை மூடியதும், அவருடைய பிள்ளைகள் இருவரும் சிம்மாசனம் யாருக்கு என்று பேச உட்கார்ந்தார்கள். பேச்சு வாய்ச்சண்டை ஆயிற்று. வாய்ச்சண்டை யுத்தம் ஆயிற்று. வடகரையை அண்ணன் மாறவேள் வைத்துக்கொண்டார். தென்கரையைத் தம்பி சேந்தவேள் வைத்துக்கொண்டார். இருவரும் நல்லவர்கள்தாம். குடிகளை வருத்தி ஒரு கவளம் உண்ணாதவர்கள். சண்டை என்றால் படைக்கு முன்னால் தாமே நிற்பவர்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இரண்டு வருஷம் கழித்துவிட்டார்கள், அது ஒன்றுதான் குறை. அந்த ஒரு குறையால் இரண்டு கரையிலும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

மாறவேளின் சபையில் குழைக்காதன் என்று ஒரு விகடன் இருந்தான். குட்டையான ஆள், முன்னால் தள்ளிய தொந்தி, நெற்றி நிறையத் திருமண். பெருமாளைச் சேவிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டான். ராஜாவைச் சிரிக்கவைக்காமல் வீடு திரும்பமாட்டான். சேனாபதி மல்லையனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "நான் மார்பில் வெட்டு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறேன். இந்தத் தொந்தி வாயைத் திறந்ததும் அரசர் என் பக்கம் திரும்புவதே இல்லை" என்று வீட்டில் புலம்புவான். மல்லையன் சுத்த வீரன். பொறாமை வீரர்களையும் விட்டுவைப்பதில்லை.

யுத்தம் நடப்பது ஆற்றின் நடுவே இருந்த மணல்திட்டில். நேற்றுவரை ஒரே நாடாக இருந்தவர்கள் அல்லவா? இரு படைக்கும் ஒரே தலைப்பாகை, ஒரே வேல், ஒரே பேச்சு. அடிபட்டு விழுந்தால் எவன் எந்தக் கரை என்று பெற்றவளால் மட்டுமே சொல்ல முடியும். அதனால் வடகரை வைத்தியர்கள் கையில் அகப்பட்டவனுக்கெல்லாம் மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை மல்லையன் அரசரிடம் போய்ச் சொன்னான். நம் மருந்தில் பிழைத்தவன் மறுநாள் நம்மையே குத்துகிறான் என்றான். அன்றைக்குப் பார்த்து ராஜாவின் பட்டத்துக் குதிரை களத்தில் செத்திருந்தது. ராஜா கொதித்துப்போய் இருந்தார்.

"இனி விழுந்தவனைக் கேட்க வேண்டும். நம்மவன் என்றால் நீர், மருந்து, வண்டி. பகைவன் என்றால் மணலிலேயே கிடக்கட்டும். நம் குடத்திலிருந்து பகைவன் ஒரு சொட்டுக் குடிக்கக்கூடாது" என்றார்.

இந்தக் கட்டளையை நிறைவேற்றச் சாமர்த்தியம் உள்ளவன் குழைக்காதன் ஒருவன்தான் என்று மல்லையன் பணிவாகச் சொன்னான். பகைவன் ஒருவன் ஒரு சொட்டுக் குடித்தாலும் குழைக்காதன் தலை போக வேண்டும். நம்மவன் ஒருவன் தாகத்தால் செத்தாலும் குழைக்காதன் தலைதான் போக வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்தான். ராஜா கோபத்தில் தலையை ஆட்டிவிட்டார். குழைக்காதன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் சண்டை நிறுத்தும் முரசு கேட்டதும், நாலு சுமையாட்களோடும் தண்ணீர்க் குடங்களோடும் மணல்திட்டில் இறங்கினான். வேவு பார்க்கக் காரி என்ற காவலனை மல்லையன் கூடவே அனுப்பியிருந்தான். முதலில் கிடந்தவன் பக்கத்தில் குழைக்காதன் மண்டியிட்டு, "அப்பா, நீ எந்தக் கரை?" என்று கேட்டான். அவன் வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

இரண்டாம் ஆளும் அப்படியே. மூன்றாமவன் மட்டும், "ஆமாங்க சாமி, ஆமாங்க சாமி" என்றான். வடகரையா என்றாலும் ஆமாம், தென்கரையா என்றாலும் ஆமாம்.

அதைக் கேட்டதும் குழைக்காதனுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த ராஜாக்களின் பாட்டனார் காலத்தில், நெடுந்தூரம் நடந்து பசியோடு வந்த ஒரு சாட்சி, சீக்கிரம் விட்டால் போதும் என்று கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டுவிட்டான். அதனால் ஒரு நிரபராதி தண்டனை அனுபவித்தான். பாட்டனார் மூன்று நாள் உண்ணாமல் கிடந்து, பிறகு நீதிசபைக்கு ஒரு விதி வகுத்தார். வாக்குமூலம் கொடுக்க வருகிறவனுக்கு முதலில் தண்ணீர், அடுத்து வலிக்கு மருந்து, அடுத்து வயிறு நிறையச் சோறு. அதற்கு அப்புறம்தான் கேள்வி. பசியிலும் வலியிலும் சொன்ன சொல் செல்லாது.

"பெருமாளே, நீ இருக்கிறாய்" என்று முனகிக்கொண்டு குடத்தைச் சாய்த்தான்.

காரி பதறிப்போனான். "ஓய், கேக்காம குடுக்கிறீரே. தலை போயிடும்யா."

"கேட்கத்தானப்பா போறேன். கேட்கிறதுக்கு முன்னாடி செய்யவேண்டியதைச் செஞ்சுக்கிட்டு இருக்கேன். சும்மா நிக்காம இவன் காலைப் பிடி."

காரி திட்டிக்கொண்டேதான் பிடித்தான். அன்று பொழுது சாய்வதற்குள் மணலில் கிடந்த முப்பத்தெட்டுப் பேரும் வடகரைக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். குழைக்காதன் தன் கையாலேயே கஞ்சி ஊட்டினான். ஊட்டும்போதே, "உன் மூக்குக்கு இந்தக் கரண்டி பத்தாதேப்பா" என்பான். வலியிலும் சிரிப்பார்கள். முகத்தில் பாதிக்குக் கட்டுப்போட்ட ஒரு நரைமீசைக்காரர், கொஞ்சம் தேறியதும் நல்ல கையால் அடுத்தவர்களுக்கு விசிறத் தொடங்கினார். கேள்வி கேட்டாயிற்றா என்று தினமும் மல்லையன் ஆள் அனுப்பினான். இன்னும் இல்லை என்று தினமும் பதில் போயிற்று.

எட்டாம் நாள் சபை கூடியது. முப்பத்தெட்டுப் பேரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பகைவர்களுக்குக் குழைக்காதன் நீர் வார்த்துவிட்டதாக மல்லையன் முறையிட்டான். எவர் பகைவர் என்று சேனாபதியே காட்டட்டும் என்றான் குழைக்காதன். மல்லையன் வரிசையை மேலும் கீழும் பார்த்தான். அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

"எட்டு நாளாகவா ஒருவரையும் கேட்கவில்லை?" என்றார் ராஜா.

குழைக்காதன் பாட்டனார் விதியைச் சொன்னான். அது நீதிசபை வழக்குகளுக்கு என்றார் ராஜா.

"மகாராஜா, 'நீ எந்தக் கரை' என்ற கேள்விக்கு இவர்கள் சொல்லப்போகும் பதிலில் உயிர் தொங்குகிறது. இதைவிடப் பெரிய வழக்கு நம் நீதிசபைக்கு எப்போது வந்தது?"

ராஜாவின் உதடு ஒரு பக்கம் துடித்தது. அடக்கிக்கொண்டார். "சரி. இப்போது வயிறும் நிறைந்திருக்கிறது, வலியும் தணிந்திருக்கிறது. என் எதிரிலேயே கேள்."

இது வரும் என்று குழைக்காதனுக்குத் தெரியும். பொய் சொல்லுங்கள் என்று அவன் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கஞ்சி ஊட்டிய கையால் அதைச் செய்ய மனம் வரவில்லை. காலையில் சந்நிதியில் நெடுநேரம் நின்றுவிட்டு மட்டும் வந்திருந்தான். முதல் ஆளைக் கேட்கத் திரும்பினான். அதற்குள் நரைமீசைக்காரர் முன்னே வந்து, முகத்துக் கட்டைத் தானே அவிழ்த்தார். மல்லையனின் கை வாளுக்குப் போயிற்று. சேந்தவேளின் சேனாபதி பெருஞ்சாத்தன் அவர்.

"நான் தென்கரை. பொய் சொன்னால் இவர் ஊட்டிய கஞ்சி என் வயிற்றில் தங்காது. இவர் தலைக்குப் பதிலாக என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

ராஜாவின் முகம் இருண்டது. "குழைக்காதா, பகைவன் குடித்திருக்கிறான்."

"எந்தக் கரை என்றுதான் சொன்னார், மகாராஜா. பகைவரா என்று இன்னும் கேட்கவில்லையே" என்ற குழைக்காதன் அவர் பக்கம் திரும்பினான். "ஐயா, தாங்கள் எங்களுக்குப் பகைவரா?"

பெருஞ்சாத்தன் யோசித்தே பதில் சொன்னார். "பத்து நாளைக்கு முன்பு கேட்டிருந்தால் ஆம் என்றிருப்பேன். இனி இந்தக் கரைக்கு எதிராக என் கை வேல் எடுக்காது. என் அரசர் முகத்துக்கு நேரேயும் இதையே சொல்வேன்."

"குடித்தபோது பகைவன்தானே?" என்றான் மல்லையன்.

"குடித்தபோது இவர் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது, சேனாபதி. அதை ஓட்ட இவரால் முடியவில்லை, நான்தான் ஓட்டினேன். அந்த ஈக்குத் தோற்றவரைத் தங்கள் பகைவர் என்று சபையில் எழுதிவைக்கத் தங்களுக்குச் சம்மதமானால் எனக்கும் சம்மதம்."

சபையில் யாரோ இருமினார்கள். மல்லையன் கறுத்த முகத்தோடு பெருஞ்சாத்தனையே பார்த்துக்கொண்டு நின்றான். பழைய ராஜா காலத்தில் இருவரும் ஒரே அணியில் போர் செய்தவர்கள். வாளின் மேலிருந்த கையை எடுத்தான். "இல்லை. விழுந்துகிடப்பவன் எனக்குப் பகைவன் இல்லை" என்றான். அதைச் சொல்ல எந்தப் போரிலும் தேவைப்படாத தைரியம் அவனுக்கு வேண்டியிருந்தது.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, திட்டின் அக்கரைப் பக்கம் விழுந்த நம் ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பெருஞ்சாத்தனைக் கேட்டார்.

"அங்கேயும் இதே கட்டளைதான், அரசே. கேட்கிறோம். பதில் வராவிட்டால் அடுத்தவனிடம் போய்விடுகிறோம்."

ராஜாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. என்ன பரிசு வேண்டும் என்று குழைக்காதனைக் கேட்டார். அக்கரைக்குப் போய் நம் ஆட்களைக் கொண்டுவர ஒரு படகு வேண்டும் என்றான். அகப்பட்டால் கொன்றுவிடுவார்கள் என்றார் ராஜா. கூட நான் போகிறேன் என்றார் பெருஞ்சாத்தன்.

மூன்று நாள் ராஜா சரியாக உண்ணவில்லை. நாலாம் நாள் காலையில் தென்கரையிலிருந்து பதினோரு படகுகள் வந்தன. எல்லாவற்றிலும் காயத்துக்குக் கட்டுப்போட்ட வடகரை ஆட்கள். முதல் படகில் குழைக்காதன், தொந்தியைப் பிடித்தபடி. முழங்கால் தண்ணீரில் இறங்கி முதல் ஆளைத் தோளில் தூக்கியவன் மல்லையன்.

தம்பியை எப்படி மசிய வைத்தாய் என்று கேட்டார் ராஜா.

"நான் ஒன்றும் செய்யவில்லை, மகாராஜா. பெருஞ்சாத்தன் தடுத்தும் கேட்காமல், வேவுக்காரன் என்று தங்கள் தம்பி என் தலையை வாங்கச் சொன்னார். வாக்குமூலம் கொடுத்துவிட்டுச் சாகிறேன் என்றேன். பாட்டனார் அவருக்கும் பாட்டனார்தானே? இலை போட்டார்கள். உட்கார்ந்தேன்."

"பிறகு?"

"சாப்பிட்டேன். சாம்பார் முடிந்ததும் கேள்வியோடு வந்தார். இன்னும் வயிறு நிறையவில்லை என்றேன். ரசம் மூன்று தடவை வாங்கினேன். மறுபடியும் வந்தார், மோர் பாக்கி என்றேன். மோருக்கு ஊறுகாய் கேட்டேன். பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தவர் சிரித்துவிட்டார். 'உண்மையைச் சொல், என் அண்ணன் உனக்குச் சோறே போடுவதில்லையா' என்றார். இரண்டு வருஷத்தில் அவர் வாயில் அண்ணன் என்ற சொல் வந்தது அன்றுதானாம். பெருஞ்சாத்தன் சொன்னார்."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதனுக்குப் போட்டார். போட்டவர் அவன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவன் சாப்பிட்டானா?" என்று கேட்டார்.

"சிரித்த பிறகு எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்தார், மகாராஜா. ஆனால் பாதியிலேயே எழுந்துவிட்டார்."

"சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பக்கத்தில் நான் இருந்தால்தான் முழுசாகச் சாப்பிடுவான்" என்ற ராஜா, ஆற்றைப் பார்த்தார். பிறகு மல்லையனைக் கூப்பிட்டு, மணல்திட்டில் ஒரு பந்தல் போட்டு இரண்டு இலை விரிக்கச் சொன்னார். பேச வேண்டியதை அதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்.