இருபத்திரண்டாம் கட்டில்

“நாலு தடவை தோத்துட்டேன் டீச்சர்.”

“எதுல?”

“லைசன்ஸ் பரீட்சையிலதான். வேற எதுல?”

நஸீமா டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவளுடைய வகுப்பு. வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதும் நர்ஸுகள் அங்கே வருவார்கள். டீச்சர் பாடம் நடத்தமாட்டாள். கேள்வி கேட்பாள், அவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமோ என்று பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவார்கள்.

தவமணிக்கு முப்பத்தெட்டு வயது. டீச்சர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். இவளிடம் வந்து கைகட்டி நிற்க வேண்டியதாயிற்றே என்று மாடிப்படி ஏறும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“எங்க வீட்டுக்காரர் அங்க போயி அஞ்சு வருஷமாச்சு. நான் பாஸ் பண்ணினாத்தான் நானும் பிள்ளையும் போக முடியும். இன்னும் ஒரு தடவைதான் எழுத விடுவாங்க. அதுலயும் போச்சுன்னா அவ்வளவுதான்.”

“புத்தகம் படிச்சீங்களா அக்கா?”

“கரைச்சுக் குடிச்சிருக்கேன்.”

அது வெறும் பேச்சில்லை. எந்தப் பக்கத்தில் எந்தப் படம் இருக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

டீச்சர் இருபது கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தாள். தவமணி அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தாள். பத்தொன்பது சரி. கடைசிக் கேள்வியைச் சுற்றி மட்டும் சிவப்பு மையில் ஒரு வட்டம். தப்புக்குப் பெருக்கல் குறி போடும் பழக்கம் டீச்சருக்கு இல்லை.

“நாளைக்கு வாங்க.”

மறுநாள் வேறு இருபது கேள்விகள். பத்தொன்பது சரி. கடைசியில் ஒரு வட்டம்.

மூன்றாம் நாளும் அப்படியே.

தவமணிக்குப் பொறுக்கவில்லை.

“பத்தொன்பது வாங்குதவள எதுக்கு டீச்சர் இப்படி அலைய விடுதீங்க?”

டீச்சர் மூன்று தாள்களையும் மேஜைமேல் பரப்பினாள். மூன்று வட்டங்களையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

பரீட்சை ஆங்கிலத்தில் நடப்பது. நமக்காகத் தமிழில் சொல்கிறேன். முதல் தாளில் ஒரு வயதான அம்மாள். இரண்டாவதில் ஒரு கல்லூரி மாணவன். மூன்றாவதில் பிள்ளை பெற்ற ஒருத்தி. மூன்று பேருக்கும் ஆபரேஷன் முடிந்திருக்கிறது. மூன்று பேரும் திடீரென்று பரபரக்கிறார்கள், போர்வையைப் பிடித்து இழுக்கிறார்கள். நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்?

மூன்றிலும் தவமணி ஒரே விடையைத்தான் குறித்திருந்தாள். நோயாளிக்கு ஆறுதல் சொல்லி அமைதிப்படுத்த வேண்டும்.

“சரியான பதில் தெரியாதா அக்கா?”

தவமணி தாள்களைப் பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள்.

“தெரியும்.”

“சொல்லுங்க.”

“மூச்சு எப்படி இருக்குன்னு பாக்கணும். ஆக்சிஜன் குறைஞ்சா முதல்ல இப்படித்தான் பரபரப்பாங்க. முதல் வருஷப் பிள்ளைகூடச் சொல்லிரும்.”

“பரீட்சையில?”

“நாலு தடவையும் இந்த மாதிரி ஒண்ணு வந்துச்சு. அது வந்துட்டா அதோட சரி. கை நடுங்கும். அப்புறம் வர்ற எந்தக் கேள்வியும் மண்டையில ஏறாது. இங்க கடைசியா வந்ததால மத்ததெல்லாம் தப்பிச்சுது.”

“யாரு அது?”

தவமணி மூன்று தாள்களையும் கவிழ்த்து வைத்தாள். கீழே பேக்கரியிலிருந்து ரொட்டி வேகும் வாசனை ஏறி வந்தது.

“இருபத்திரண்டாம் கட்டில்,” என்றாள். “சுடலைமுத்துன்னு பேரு. லாரி டிரைவர். தொடை எலும்பு ஆபரேஷன். நாலு வருஷம் இருக்கும். மத்தியானம் ரெண்டு மணி. வார்டுல முப்பத்தாறு பேரு. கூட இருந்த சிஸ்டர் சாப்பிடப் போயிருந்தா. நான் ஒருத்தருக்கு ரத்தம் ஏத்திக்கிட்டிருந்தேன். அவர் சம்சாரம் ஓடி வந்து, போர்வையைப் பிச்சுப் போடுதாக, என்னமோ மாதிரி இருக்காக, என்ன செய்யட்டும் சிஸ்டர்னு கேட்டாங்க. ஆபரேஷன் பயம்தான், பக்கத்துல உக்காந்து தைரியம் சொல்லுங்க, வாரேன்னு சொன்னேன்.”

“போனீங்களா?”

“போனேன். இருபது நிமிஷம் கழிச்சு. அதுக்குள்ள உயிர் போயிருச்சு.”



அவளே மேலே சொன்னாள்.

“யாரும் என்னைக் குத்தம் சொல்லல டீச்சர். எலும்புக் கொழுப்பு நுரையீரல்ல போயி அடைச்சிருச்சு, யார் பாத்திருந்தாலும் கஷ்டம்தான்னு டாக்டர் எழுதிட்டாரு. ஒருத்தர்கூட என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இந்தப் பரீட்சை ஒண்ணுதான் கேக்குது. திரும்பத் திரும்பக் கேக்குது. நான் மாத்திக் குறிச்சா, அன்னைக்குச் செஞ்சது தப்புன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிரும்.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான்கு வருஷமாக வீட்டில் யாருக்கும் தெரியாமல் அடக்கி வைத்திருந்த அழுகை.

டீச்சர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோளைத் தொடவும் இல்லை. என்ன கல்நெஞ்சுக்காரி என்று நமக்குத் தோன்றும். தவமணிக்கும் அப்படித்தான் தோன்றியது.

அழுகை ஓய்ந்ததும் டீச்சர் ஒரு வெற்றுத் தாளை அவள் முன்னால் வைத்தாள்.

“அந்தக் கேள்வியை எழுதுங்க. அவர் பேரோட.”

தவமணி எழுதினாள். சுடலைமுத்து, வயது நாற்பத்தொன்று, ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். போர்வையைப் பிடித்து இழுக்கிறார். நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்?

“கீழ, கேட்டவங்க பேரை எழுதுங்க.”

“யார் பேரை? பரீட்சை போர்டு பேரையா?”

“அன்னைக்கு ஓடி வந்து கேட்டது போர்டா அக்கா?”

 பேனா அப்படியே நின்றது. பிறகு தவமணி சுடலைமுத்து சம்சாரத்தின் பெயரை எழுதினாள். முப்பிடாதி.

“விலாசம் தெரியுமா?”

தெரியும். கேஸ் ஷீட்டில் ஒரே ஒரு முறை பார்த்தது. நான்கு வருஷமாக மறக்கவில்லை. ஆலங்குளத்துக்கு அந்தப் பக்கம்.

“அங்க போயி பதிலைச் சொல்லுங்க.”

“செருப்பக் கழட்டி அடிச்சாங்கன்னா?”

டீச்சர் டஸ்டரை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டாள். பலகையில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை.

தவமணி இரண்டு நாள் பஸ் நிலையம்வரை போய்த் திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் பஸ் ஏறினாள்.

முப்பிடாதி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் பீடித்தட்டு. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். தெருவில் நின்றவளை ஏறிட்டுப் பார்த்தாள். உடனே தெரிந்துகொண்டாள்.

“ஆஸ்பத்திரி சிஸ்டர்தான நீங்க?”

தவமணிக்கு அந்த நேரம் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

முப்பிடாதி திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. அவள் முகத்தில் இருந்தது பயம்.

“என்னைக்காவது நீங்க வந்து கேப்பீகன்னு நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன் சிஸ்டர்.”

“நான் என்னம்மா கேக்கப் போறேன்?”

“ஏன் மறுபடி வந்து கூப்பிடலைன்னு.”

தவமணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“வந்தேன் சிஸ்டர். ரெண்டாவது தடவையும் வந்தேன். உங்க முதுகுக்குப் பின்னாலதான் நின்னேன். நீங்க அந்த ஆளுக்கு ரத்தம் ஏத்திக்கிட்டிருந்தீக. அதான் பயம்னு சொல்லிட்டாகளே, திருப்பித் திருப்பி வந்து உயிரை வாங்கக் கூடாதுன்னு திரும்பிப் போயிட்டேன். போயி, சும்மா கிடங்க, சிஸ்டர் ஒண்ணும் இல்லைன்னுட்டாகன்னு அவுக கையை ரெண்டையும் சேத்து அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல அடங்கிட்டாக. தைரியம் வந்துருச்சுன்னு நெனச்சேன். மூச்சுக்குத்தான் அப்படி அடிச்சுக்கிட்டாகன்னு எனக்குத் தெரியலையே. பக்கத்துலயே இருந்து கையைப் பிடிச்சு அனுப்பி வச்சவன்னு எங்க அத்தை இன்னைக்கும் பெருமையாச் சொல்லுவாக. என்ன பதில் சொல்ல? அது நெசந்தான.”

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

தவமணி அவள் பக்கம் திரும்பினாள். ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

“முப்பிடாதிம்மா, நீங்க முதல் தடவை வந்து சொன்னதுமே நான் வந்து அவர் மூச்சைப் பாத்திருக்கணும். அதுதான் செய்ய வேண்டியது. அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல. நான் வந்து பாக்கல.”

முப்பிடாதியின் விரல்கள் நின்றுவிட்டன. பாதி சுற்றிய இலை பிரிந்து, புகையிலைத் தூள் மடியில் கொட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

“அப்ப நான் இல்லையா சிஸ்டர்?”

“நீங்க இல்லம்மா,” என்றாள் தவமணி. “நான்.”