வால் வரைந்த சுவர்

தலைமையாசிரியர் தெய்வசிகாமணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். "பசும்பால், குடிங்கய்யா" என்று நர்ஸ் டம்ளரை நீட்டினார். இவர் தலையைத் தூக்கி, "எந்தச் சுவர்ப் பசு?" என்று கேட்டார். பிதற்றுகிறார் என்று நர்ஸ் நினைத்திருப்பார். நியாயமான கேள்விதான். அந்தப் பசுவை வரைந்தவன் நான்.

செங்கல் சூளைக்குப் பக்கத்தில் எங்கள் ஓலைக்கூரைப் பள்ளி. சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் படித்தார்கள்; தமிழ் தெரியாது. ஆசிரியர்கள் மூவர்: தெய்வசிகாமணி சார், சௌந்தரவல்லி டீச்சர், நான். வல்லியை மட்டும் புத்திசாலி என்று நினைத்திருந்தேன். பிற்பாடு அவள் என்னையே கல்யாணம் செய்துகொண்டாள். அந்த நினைப்பும் போயிற்று.

ஒருநாள் கல்வி அதிகாரி வந்தார். "படம் காட்டிச் சொல்லிக் கொடுங்க. கடைசி பெஞ்சுக்கும் தெரியுற மாதிரி பெரிய படம். அடுத்த தடவை எல்லாப் பிள்ளைகளும் ஒரே பொருளைக் காட்டிப் பேர் சொல்லணும். இல்லேன்னா பள்ளிக்கூடத்தைப் பூட்டிடுவேன்."

நான் முன்சுவரில் பசுவைத் தொடங்கினேன். வல்லி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னும் பெருசா" என்றாள். தலையிலேயே முன்சுவர் தீர்ந்தது. வயிறு பக்கச்சுவருக்குப் போனது. பின்சுவரில் வால் இறங்கியதும், "இப்போ நல்லா தெரியுது" என்றாள்.

அதிகாரி வந்து, "பசு எங்கே?" என்றார். முதல் பெஞ்சு கொம்பைக் காட்டியது. நடு பெஞ்சு வயிற்றைத் தடவியது. கடைசி பெஞ்சு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாலைக் காட்டியது.

"முதல்ல இந்தப் பசுவை இங்கேருந்து எடுங்க! நாளைக்குப் பூட்டோட வரேன்" என்று போனார்.

மூவரும் கூடி யோசித்தோம்.

"சுண்ணாம்பு அடிச்சிடலாமா சார்?"

"அடிச்சா பசு உள்ளேதானே இருக்கும்? மறைக்கவா சொன்னார்? எடுக்கச் சொன்னார்."

"அப்போ சுவரோடதான் எடுக்கணும்" என்றாள் வல்லி.

பெற்றோரைக் கூப்பிட்டோம். செங்கல் அவர்களுக்குப் பழகிய வேலை. முன்சுவர் கதவோடு போயிற்று, பக்கச்சுவர் போயிற்று, கூரை தானாகவே இறங்கியது. பின்சுவருக்கு வந்தபோது சார் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. தலையும் வயிறும் இல்லாதது எப்படிப் பசுவாகும்? இது வெறும் வால். வாலை எடுக்க உத்தரவு இல்லை."

மறுநாள் அதிகாரி பெரிய பூட்டோடு வந்தார். பிள்ளைகள் வெட்டவெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு சுற்று வந்தார். பூட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, "இந்தப் பூட்டை எங்கேய்யா மாட்டுவேன்? பூட்டை! பூட்டை!" என்று கத்தினார்.

முதல் பெஞ்சு, நடு பெஞ்சு, கடைசி பெஞ்சு, எல்லாம் அவர் கையைக் காட்டி ஒரே குரலில், "பூட்டு!" என்றன.

அதிகாரி பூட்டைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். சொன்ன சொல் சொன்னதுதானே. பள்ளியைப் பூட்டவில்லை.

"நீங்க காட்டின படம் நல்லா இருந்துச்சு சார்" என்று வல்லி அவரை வழியனுப்பினாள்.

இப்போது சார் இல்லை. வல்லியும் இல்லை. வால் இருக்கிறது.