அறுபதைத் தொட்டால் ஆட்டம்

பஞ்சு மில் முதலாளி சென்னியப்பனின் பழைய கார் அறுபதைத் தொட்டால் போதும், ஸ்டியரிங் உதறும்.

"முன் சக்கரம் நெளிஞ்சிருக்குதுங்க, மாத்தோணும்" என்றான் டிரைவர் மாரப்பன்.

"வண்டி ஆடலடா, உன் கைதான் ஆடுது. ஆடுறவன் குடிச்சவன்! நாளைக்குக் கல்யாணத்துக்குப் போறப்ப ஸ்டியரிங் ஆடுச்சுன்னா, சாவியைக் குடுத்துட்டு நடையக் கட்டு. சக்கரத்துக்குச் சல்லிக்காசு தரமாட்டேன்."

மாரப்பன் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் குடிகாரன் என்று பேர் வாங்கியவனை எவன் வேலைக்கு வைப்பான்? விடிந்ததும் ஜாக்கி போட்டு, முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றி மாட்டினான்.

கல்யாணத்துக்குப் போகும் வழியில் கார் அறுபதைத் தொட்டது. ஸ்டியரிங் அசையவே இல்லை. பின் சீட்டில் முதலாளியின் தொப்பை குலுங்கியது, பல்லெல்லாம் தந்தி அடித்தது.

"எ... என்னடா இந்த ஆட்டம்?"

"வண்டி ஆடலீங்க. என் கையைப் பாருங்க, கல்லாட்டம் நிக்குது. நீங்கதானுங்க ஆடுறீங்க. ஆடுறவன் குடிச்சவன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

பின்னால் உட்கார்ந்தால் குமட்டும் என்று முன் சீட்டுக்கு வந்திருந்த முதலாளியம்மா மெல்லத் திரும்பினார்.

"ஏனுங்க, எங்கே, ஒருக்கா ஊதுங்க பார்க்கலாம்."