வினைக்குக் காத்திருந்த வாள்

முன்பு ஒரு காலத்தில் நெய்தவாயல் என்ற கடலோர நாட்டைக் கீர்த்திராயர் என்னும் அரசர் ஆண்டார். காலையில் கற்றதை மாலைக்குள் சட்டமாக்கிவிடுவது அவர் குணம்.

அவருக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தவர், சபையில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி ஆளவந்தார். மந்திரி அம்பலவாணரின் இருக்கைமேல் அவருக்கு வெகுநாளாகக் கண்.

"பிரபு, இங்கிலீஷ் கட்டளையில் வினைச்சொல் முன்னால் நடக்கும். எதை, எதிலிருந்து, எதனால் என்பதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். தமிழிலோ வினை கடைசியில் வருகிறது, செருப்புத் தூக்குகிறவனைப் போல" என்றார் துபாஷி.

"இனி நம் கட்டளையும் அந்த வரிசைதான்!" என்றார் அரசர்.

மறுநாள் அவர் பிறந்தநாள். ஆண்டுதோறும் அன்று ஒரு கைதிக்கு விடுதலை. தலை வெட்டும் சேவகனே அதே வாளால் கைக்கட்டை அறுப்பது வழக்கம். ஓடக்காரன் வீரபத்திரன் மண்டியிட்டிருந்தான். அவன் மனைவி வாசலில் நின்றாள். சேவகன் வாளை ஓங்கினான்.

மந்திரி விரைந்து வந்தார். "அரசே, என்ன சொல்லப்போகிறீர்கள்? என் காதில் மட்டும்."

அரசர் முணுமுணுத்தார்: "வெட்டு, கயிற்றை, இவன் கையிலிருந்து, வாளால்."

"உங்கள் வாயில் வினை வந்தால் கட்டளை முடிந்தது என்று பழகியவன் இந்தச் சேவகன். 'வெட்டு' என்றதும் வாள் இறங்கிவிடும். கயிறு என்பதைக் கேட்க ஓடக்காரனுக்குத் தலை இருக்காது."

அருகில் நின்ற துபாஷி சிரித்தார். "புதுசு என்றாலே மந்திரியாருக்குக் காய்ச்சல் வந்துவிடும்!"

"சரி ஐயா, ஓடக்காரன் இடத்தில் நீங்கள் மண்டியிடுங்கள். அரசர் அதே கட்டளையைச் சொல்லட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர். துபாஷியின் கைகளைக் கட்டினார்கள். தலைக்குமேல் வாள் நின்றது. அரசர் வாயைத் திறந்தார்.

"பிரபு! அந்தச் சொல்லைக் கடைசியில் சொல்லுங்கள்! கடைசியில்!"

சபையில் யாரும் சிரிக்கவில்லை. அரசரின் முகம் வெளுத்தது. துபாஷியை எழச் செய்து, ஓடக்காரன் எதிரே வந்து நின்றார்.

"இவன் கையிலிருந்து... கயிற்றை... வாளால்..." வாசலில் நின்றவள் கண்ணை மூடிக்கொண்டாள். "வெட்டு."

கயிறு விழுந்தது.

அரசர் தம் மோதிரத்தை மந்திரி விரலில் போட்டார். துபாஷியின் வேலை போகவில்லை. ஆனால் ஆண்டுதோறும் அந்த நாளில், கட்டளை முடியும்வரை, கைதியின் பக்கத்தில் அவரும் மண்டியிட்டிருக்க வேண்டும் என்று தீர்ப்பானது.